கதவடைத்தால் மட்டும் போதுமா?

ஊரடங்கிவிட்ட வேளை. படலை பூட்டப்பட்டுவிட்டது, வாயிற் கதவுந் தாழிடப்பட்டுவிட்டது. முற்றத்தில் நாய் படுத்திருக்கின்றது. பகலெல்லாம் வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சிக் களைத்த தந்தையார், பிள்ளைகள் அனைவரும் வீட்டினுள் இருக்கின்றனர் என்னும் நிறைவோடு பாயிற் சாய்கின்றார். ஆயின், உள்ளறையிலே, போர்வைக்குள்ளே, உள்ளங்கையளவு வெளிச்சமொன்று எரிகின்றது. அவ்வெளிச்சத்தின் வழியாக அவருடைய பதினைந்து வயது மைந்தனோடு ஒருவன் உரையாடிக்கொண்டிருக்கின்றான். அவன் எந்த ஊரான், எந்த நாட்டான், ஆணோ பெண்ணோ, பதினாறு வயதினனோ நாற்பது வயதினனோ என்பது வீட்டில் ஒருவருக்குந் தெரியாது. உரையாடும் மைந்தனுக்குந் தெரியாது. படலை திறக்கவில்லை. நாய் குரைக்கவில்லை. வந்தவன் வந்துவிட்டான்.

அரசியல் ஏட்டிற்குக் கைத்தொலைபேசியோடு என்ன வேலையெனச் சிலர் வினவக்கூடும். நிலமும் மொழியும் பற்றிப் பேசவேண்டிய பக்கத்திலே பிள்ளைகளின் விளையாட்டுக் கருவியைப் பற்றிப் பேசுவதா என்றுங் கேட்கக்கூடும். ஓர் இனத்தின் இளம் பிள்ளைகள் முகமறியாக் கொள்ளையர் முன்னே தனித்து நிற்கும்பொழுது, நேர்ந்ததைத் தம் மொழியிலே முறையிட எங்கு செல்வதென்று அறியாது திகைக்கும்பொழுது, அவமானத்துக்கு அஞ்சிப் பெற்றோரிடமும் வாய் திறவாது குமையும்பொழுது, அதனைக் காட்டிலும் நாம் பேசவேண்டிய அரசியல் வேறென்ன இருக்கின்றது?

இக்கருவி நம் வீடுகளுள் எவ்வாறு புகுந்ததென்பதை முதலில் நினைவூட்ட விரும்புகின்றோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைத்தொலைபேசி எதற்கு என்று உறுதியாக மறுத்துவந்த பெற்றோர் பலர். அவர்களை நோக்கி, பாடம் வட்ஸ்அப்பில் வருகின்றது, வகுப்பு சூமில் நடக்கின்றது, வாங்கிக் கொடுங்கள் என்று சொன்னது கல்வி உலகமே. காப்பை அடகு வைத்தும், விதைக்கென ஒதுக்கிய காசை எடுத்தும் வாங்கிக் கொடுத்தார்கள். அலைவரிசை எட்டாத சிற்றூர்களிலே பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்து பாடங் கேட்டனர். வேறு பல வீடுகளுக்குக் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ மாமனார், சித்தப்பா அனுப்பிய அன்பளிப்பாக அது வந்து சேர்ந்தது. ஆகவே, பிள்ளை கையிற் போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று இன்று பெற்றோரைப் பழிப்பது நேர்மையன்று. வாங்கிக் கொடுக்கும்படி சொன்னவர்கள், அதனோடு கூடவே வரும் ஆபத்தினின்று காத்துக்கொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு.

முற்காலத்திலே ஒரு வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கடிதமொன்று வருமாயின், அது தபாற்காரர் கண்ணையும், திண்ணையிலிருக்கும் பாட்டனார் கண்ணையும், குசினியிலிருக்கும் தாயார் கண்ணையுங் கடந்தே அவள் கையை அடையும். உறை மேலுள்ள கையெழுத்தைக் கண்டே இஃது இன்னாரின் கடிதமென ஊர் கூறிவிடும். அந்தக் காவல் முழுவதும் நல்ல காவலென்று நாம் சொல்லவில்லை. பல வீடுகளிலே அது பெண்ணைக் காத்ததைவிடக் குடும்பத்தின் பெயரைக் காத்ததே மிகுதி. ஆயினும், வருபவன் பலர் கண்ணைக் கடந்துதான் வரவேண்டும் என்ற தடையொன்று அன்று இருந்தது. அத்தடை இன்று இல்லை. அது மீண்டு வரப்போவதுமில்லை.

பையன்களுக்கு விரிக்கப்படும் வலையை முதலிற் சொல்வோம். ஏனெனில், ஆண்பிள்ளைக்கென்ன வந்துவிடப் போகின்றது என்ற அலட்சியம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. முகநூலிலோ இன்ஸ்டகிராமிலோ அழகிய பெண்ணொருத்தியின் படத்தோடு நட்பு வேண்டுகோள் வருகின்றது. அப்படம் வேறெங்கோ களவாடப்பட்டது. இரண்டொரு நாள் இனிய பேச்சு. பின்னர், வேறொரு செயலிக்கு வா, அங்கே தனியாகப் பேசலாம் என்ற அழைப்பு. அங்கே காணொளி உரையாடல். எதிர்ப்புறத்திலே காட்டப்படுவது முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒரு படம். பையன் அறியாமையினால் உடையைக் களைந்துவிடின், அக்கணமே அது பதிவாகிவிடுகின்றது. அடுத்த செய்தியிலே பேச்சு மாறுகின்றது. உன் நண்பர் பட்டியல் என்னிடம் உள்ளது. உன் அதிபருக்கும், உன் தாய்க்கும், உன் அக்காளுக்கும் இதனை அனுப்பட்டுமா? ஒரு மணி நேரத்துட் பணம் அனுப்பு என்கின்றான் அவன். ஆம், அவள் அல்லள், அவன். பல வேளைகளில் ஒருவன்கூட அல்லன். கடலுக்கப்பால் இதனையே தொழிலாகக் கொண்ட கூட்டம். பணத்துக்காகச் செய்யப்படும் இவ்வகை மிரட்டலுக்கு மிகுதியாக இலக்காவோர் பதினான்கு முதற் பதினேழு வயது வரையுள்ள பையன்களே என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையே எச்சரித்திருக்கின்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அக்கூட்டத்தின் கையிலுள்ள படைக்கலம் அப்படம் அன்று. நேரமே அவர்களின் படைக்கலம். ஒரு மணி நேரம், அரை மணி நேரம் என்று நெருக்கி, பிள்ளை மூச்சு விட்டுச் சிந்திக்கவும், எழுந்து சென்று அடுத்த அறையிலுள்ள தமையனைத் தட்டி எழுப்பவும் இடங்கொடாமற் செய்வதிலேதான் அவர்கள் தொழில் முழுவதும் தங்கியிருக்கின்றது. பணங் கொடுத்தால் விட்டுவிடுவர் என்பது வீண் நம்பிக்கை. ஐயாயிரம் கொடுத்தவனிடம் பத்தாயிரங் கேட்பர். கொடுப்பவன் என்று தெரிந்துவிட்டதன்றோ!

பெண்பிள்ளைகளுக்கு வருந் தீங்கு பெரும்பாலும் வேறு வழியில் வருகின்றது. அறியாத எண்ணிலிருந்து ஒரு மிஸ்ட் கோல், திரும்ப எடுத்தால் மன்னிப்பு, மன்னிப்பிலிருந்து நட்பு. அந்த எண் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? ரீலோட் போடும் கடையிலே பலர் கேட்க உரத்துச் சொல்லப்பட்ட எண். மேசை மேலிருந்த கொப்பியில் எழுதப்பட்ட எண். சிறு விடயமென்று நாம் எண்ணுவதெல்லாம் சிறு விடயமல்ல. உடைந்த போனைத் திருத்தக் கொடுக்கும்பொழுது, அழித்துவிட்டோமென்று எண்ணிய படங்களும் அதனுள்ளே இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். தமக்கு முன்னாலேயே திருத்துவித்துப் பெற்றுக்கொள்வது நன்று.

அந்நியனுக்கே அஞ்சுகின்றோம், அறிந்தவனுக்கு அஞ்ச மறந்துவிடுகின்றோம். பதினாறு வயதுப் பெண்ணின் படத்தை வைத்து மிரட்டுபவன் நேற்றுவரை அவளை விரும்புவதாகச் சொன்ன பையனாக இருக்கலாம். உறவினனாக இருக்கலாம். இரவு பதினொரு மணிக்குப் பாடம் விளங்கிற்றா என்று தனியாகச் செய்தி அனுப்பும் தனியார் கல்வி நிலையத்து ஆசிரியனாகவும் இருக்கலாம். ஆசிரியத் தொழிலின் மதிப்பை நன்குணர்ந்தே இதனை எழுதுகின்றோம். மாணவிக்கோ மாணவனுக்கோ ஓர் ஆசிரியர் சொல்லவேண்டியது எதுவாயினும் வகுப்பு முழுவதற்குமான குழுவிலே, பெற்றோர் ஒருவரும் இருக்கும் குழுவிலே, பகல் வேளையிலே சொல்லப்படலாம். இதனை ஒரு விதியாக ஏற்றுக்கொள்வதற்கு நேர்மையான ஆசிரியர் எவரும் தயங்கார். தயங்குபவர் யார் என்பதை அறிந்துகொள்வதும் பயனுடையதே.

2021ஆம் ஆண்டிலே கல்கிசையிற் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தின் வழியே விலை பேசப்பட்ட கொடுமையை நாடு அறிந்தது. கைதானவர்களின் தொகை முப்பதைத் தாண்டிற்று. அவர்களுட் பதவியும் படிப்பும் உடையோரும் இருந்தனர். இத்தகைய செயலைச் செய்பவன் தெருவோரத்து முரடன் என்று மட்டும் எண்ணியிருந்தோர்க்கு அச்செய்தி போதிய பாடமாயிருந்திருக்கும்.

எங்கள் பிள்ளை எந்தப் படத்தையும் எவருக்கும் அனுப்பமாட்டாள் என்று உறுதியாயிருக்கும் பெற்றோரும் இனி அவ்வாறு இருந்துவிட முடியாது. ஸ்பெயின் நாட்டின் அல்மெந்திரலேகோ என்னும் சிறு நகரிலே 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள மாணவிகள் இருபதுக்கு மேற்பட்டோரின் சாதாரணப் படங்கள், ஆடையணிந்த படங்கள், செயற்கை நுண்ணறிவுச் செயலியொன்றினால் நிர்வாணப் படங்களாக மாற்றப்பட்டு, பாடசாலைப் பையன்களின் போன்களிலே சுற்றி வந்தன. அவர்களுள் பதினொரு வயதுச் சிறுமியும் இருந்தாள். அச்சிறுமியர் யாதொரு பிழையுஞ் செய்யவில்லை. செய்தவர்கள் அவர்களோடு ஒரே ஊரில் வளர்ந்த பையன்கள். 2024இல் அந்நாட்டுச் சிறுவர் நீதிமன்றம் பதினைந்து பையன்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது.

அந்நகரிலே நம் கருத்தைக் கவர்வது அக்குற்றமன்று. ஒரு தாயின் செயல். பாதிக்கப்பட்ட சிறுமியருள் ஒருத்தியின் தாய் ஒரு மகப்பேற்று மருத்துவர். தம் மகள் வந்து சொன்னதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு அழவில்லை, மகளை ஏசவுமில்லை. சமூக ஊடகத்திலே தம் முகத்தைக் காட்டி, இது நடந்துவிட்டது, பிழை உங்களுடையதன்று, அஞ்சாது உங்கள் தாய்மாரிடஞ் சொல்லுங்கள் என்று அவ்வூர்ச் சிறுமியரை நோக்கிப் பேசினார். அதன் பின்னரே அதுவரை வாய் மூடியிருந்த சிறுமியர் பலர் தம் வீடுகளிலே வாய் திறந்தனர். நம் ஊரிலே இது நடந்திருப்பின் என்ன நடந்திருக்கும்? நேர்மையோடு மறுமொழி கூறுவோமாக. பெண்ணின் படிப்பு நிறுத்தப்பட்டிருக்கும். போன் பறிக்கப்பட்டிருக்கும். இரவோடிரவாக அவள் வேறோர் ஊரிலுள்ள பெரியம்மா வீட்டிற்கு அனுப்பப்பட்டிருப்பாள். படத்தைச் செய்தவன் மறுநாளுஞ் சந்தியில் நின்றிருப்பான்.

இதுவே நாம் இன்று சொல்ல வந்ததன் உயிர்நாடி. மிரட்டுபவனுக்கு நம் சமூகத்திலே நாமே ஒரு பங்காளியாக இருந்துவருகின்றோம். உன் தாய்க்குச் சொல்வேன் என்று அவன் மிரட்டும்பொழுது, அந்த மிரட்டல் பலிப்பதற்குக் காரணம் அத்தாய் என்ன செய்வாள் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே. சொன்னால் அடி விழும். சொன்னால் போன் போய்விடும். சொன்னால் பாடசாலையே போய்விடும். எனவே பிள்ளை சொல்லாது. சொல்லாத பிள்ளை தனித்துவிடும். தனித்த பிள்ளையே அவனுக்கு வேண்டியது.

கனடாவிலே நம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அந்நாட்டின் மேற்குக் கரையிலே 2012ஆம் ஆண்டு பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறான மிரட்டலினாலும், அதனைத் தொடர்ந்த சகமாணவரின் ஏளனத்தினாலும் நொந்து உயிரிழந்தாள். ஒரே மனிதன், பல பொய்ப் பெயர்களிலே, அவள் பாடசாலை மாறிய இடமெல்லாம் அவளைத் தொடர்ந்திருந்தான். அவன் இருந்ததோ அத்திலாந்திக் மாகடலுக்கு இப்பால், நெதர்லாந்திலே. கனடிய நீதிமன்றம் அவனைக் குற்றவாளியெனத் தீர்த்தது 2022ஆம் ஆண்டிலே, பத்து ஆண்டுகள் கழிந்த பின்னரே. நீதி வந்தது, வரும்பொழுது அவள் இருக்கவில்லை. சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாதென்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆதலின் பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே. துன்பம் வருமுன்னரே, இன்றிரவே, பிள்ளையை அருகிருத்தி ஒரு வாக்குக் கொடுங்கள். போனில் எவராவது உன்னை அச்சுறுத்தினால், நீ என்ன பிழை செய்திருந்தாலும், என்னிடம் வா. அடிக்க மாட்டேன், ஏச மாட்டேன், போனைப் பறிக்க மாட்டேன், முதலில் இருவருமாக அவனைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். தகப்பனிடம் சொல்லத் தயங்கும் பிள்ளை மாமியிடஞ் சொல்லட்டும். தாய் மத்திய கிழக்கிலே வீட்டு வேலைக்குச் சென்றிருக்க அம்மம்மாவோடு வாழும் பிள்ளை நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடஞ் சொல்லட்டும். யாரிடஞ் சொல்வது என்பதைப் பிள்ளையே தெரிந்துகொள்ளட்டும். அப்பெயர் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கொடுத்த வாக்கை அந்நாள் வரும்பொழுது காப்பாற்றுவது எளிதன்று. நெஞ்சு கொதிக்கும், கை ஓங்கும். அதனை நாம் அறிவோம். ஆயினும் அக்கை இறங்கவேண்டிய இடம் பிள்ளையின் கன்னமன்று.

பிள்ளை வந்து சொல்லிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். செய்யத்தக்கது யாது? பணங் கொடுக்கலாகாது, கெஞ்சலாகாது, மேலும் ஒரு படமும் அனுப்பலாகாது. பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடுவோர் பலர். அழித்துவிட்டால் அவனை நாமே தப்பவிட்டவராவோம். மிரட்டற் செய்திகளையும், அவனுடைய எண்ணையும், கணக்கின் பெயரையும், நாளையும் நேரத்தையும் திரையிலிருந்து படமாகப் பதிந்து வைத்துக்கொண்ட பின்னரே அவனைத் தடை செய்தல் வேண்டும். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் எவருக்கும், ஆலோசனை கேட்பதற்காகவேனும், அனுப்பலாகாது. பிறகு முறைப்பாடு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் 1929. பொலிஸ் சிறுவர், மகளிர் பணியகத்தின் எண் 109. கணக்குக் களவாடப்பட்டிருப்பின், அல்லது பொய்க் கணக்கொன்று திறக்கப்பட்டிருப்பின், கணினி அவசர உதவிக்கென அரசு அமைத்துள்ள நிலையத்தை 101இல் அழைக்கலாம். பிள்ளை உண்ணாது உறங்காது ஒடுங்கியிருப்பின், உயிர் வாழ்ந்தென்ன என்பது போன்ற சொல் வாயில் வருமாயின், அதனை நடிப்பென்று எண்ணாது அன்றே மருத்துவரிடங் கொண்டு செல்லுங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற எண் உண்டு. அன்றிரவு பிள்ளையைத் தனியே படுக்க விடாதீர்கள்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் படம் இணையத்திற் பரவுவதைத் தடுக்க மற்றுமொரு வழியுண்டு. காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கென அமெரிக்காவில் இயங்கும் தேசிய நிலையம், ‘டேக் இற் டவுன்’ என்னும் பெயரிலே ஒரு சேவையை நடத்துகின்றது. கட்டணமில்லை, பெயரும் சொல்லவேண்டியதில்லை. படம் பிள்ளையின் போனை விட்டு வெளியே செல்வதுமில்லை. கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டுமே செல்கின்றது. அதனைக் கொண்டு முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் முதலிய நிறுவனங்கள் அப்படத்தை இனங்கண்டு அகற்றுகின்றன. பூட்டிடப்பட்ட தனிச் செய்திகளுள்ளே அது புக இயலாது என்ற குறையுண்டு. ஆயினும் இதனை அறிந்திருத்தல் நன்று.

இனி அரசுக்குச் சில சொற்கள். சட்டம் இல்லையென்று இந்நாட்டிலே எவருஞ் சொல்ல முடியாது. தண்டனைச் சட்டக் கோவையின் 286அ பிரிவு 1995ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. சிறுவரின் ஆபாசப் படத்தை எடுப்பவனுக்கும், பரப்புபவனுக்கும், வைத்திருப்பவனுக்கும் இரண்டாண்டிற் குறையாது பத்தாண்டு வரை சிறை என்கின்றது அது. 1998இல் அதிகார சபை அமைக்கப்பட்டது. 2007இல் கணினிக் குற்றச் சட்டம் வந்தது. 2024 ஜனவரி 24ஆந் திகதி, 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட, நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. சிறுவரையும் பெண்களையுங் காக்கவே இச்சட்டம் என்று அன்றைய ஆட்சியாளர் முழங்கினர். ஆனால் அச்சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் கண்டதென்ன? சிறுவர் பாதுகாப்பைப் பற்றிய பகுதி சிறிது. எது பொய்க்கூற்று, எது உண்மைக்கூற்று என்று தீர்மானிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்ட அதிகாரம் பெரிது. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சென்றால் வாயிற்காவலன் வழிவிடுவான் என்று அறிந்தவர்களின் தந்திரமிது. பிள்ளைகளைக் காக்கும் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. பிள்ளைகளின் பெயரால் எழுத்தாளன் வாயைக் கட்டுஞ் சட்டம் பிள்ளைகளையுங் காப்பதில்லை.

நமக்கு வேண்டியது மற்றுமொரு சட்டமன்று. திறந்திருக்கும் ஒரு கதவு. தமிழும் ஆட்சிமொழியென்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதப்பட்ட பின்னரும், தமிழிலே சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, படித்துக் காட்டாமலே கையொப்பம் பெற்ற கதைகள் நம்மவர்க்குப் புதியனவல்ல. காணிப் பிணக்கிலே அது நேர்ந்தாற் பொறுத்துக்கொண்டு சட்டத்தரணியிடஞ் செல்லலாம். பதினான்கு வயதுப் பெண்பிள்ளை, ஆண்கள் நிறைந்த நிலையத்திலே, தன் மானத்தைப் பற்றிய செய்தியை, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாயிலாகச் சொல்லவேண்டும் என்றால் அவள் எவ்வாறு சொல்வாள்? வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய இடங்களிலே தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இருந்து, தனியறையில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே நம் கோரிக்கை. நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் மேடையிற் பேசும் பெரிய கோரிக்கைகளோடு இந்தச் சிறிய கோரிக்கையையும் எழுப்புவார்களாயின், அதன் பயனை அடுத்த தேர்தலுக்கு முன்னரே மக்கள் காண்பர்.

நிறுவனங்களின் போக்கும் இவ்வாறே. 2018ஆம் ஆண்டு கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்களுக்கெதிராக வன்முறை வெடித்தபொழுது, சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புரைகளை முகநூல் நிறுவனம் தடுக்கத் தவறியது. தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு 2020இலேதான் அது வருத்தந் தெரிவித்தது. ஓர் ஊர் எரிந்தபொழுதே சிறிய மொழிகளைக் கவனியாதவர்கள், தமிழ்ச் சிறுமி ஒருத்தியின் முறைப்பாட்டை ஓடி வந்து கவனிப்பர் என்று காத்திருத்தல் அறியாமை. அவர்களுக்கு முறைப்பாடு அனுப்பத்தான் வேண்டும். அதனோடு நின்றுவிடக் கூடாது.

சட்டத்தரணிகளுக்கும் மருத்துவர்களுக்கும் இங்கே கடமையுண்டு. ஊருக்கு ஒரு சட்டத்தரணி, மாதத்தில் ஒரு மாலை, சனசமூக நிலையத்திலே அமர்ந்து, இத்தகைய முறைப்பாட்டைக் கட்டணமின்றி எழுதிக்கொடுப்பாராயின் எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நிற்கா. தானே அனுப்பிய படமாயிற்றே, என் பிள்ளையையும் பிடித்துவிடுவார்களோ என்ற அச்சம் பெற்றோரைப் பின்வாங்கச் செய்கின்றது. அந்த அச்சத்தைப் போக்க வல்லவர் சட்டம் அறிந்தவரே. வந்தது காய்ச்சலென்று சொல்லப்பட்டாலும், உறக்கமின்மையுடன் வரும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம், தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, போனில் ஏதேனும் தொந்தரவு உண்டா தம்பி, உண்டா பிள்ளை என்று ஒரு வினாக் கேட்பதற்கு மருத்துவருக்கு அரை நிமிடம் போதும்.

ஊராருக்கு ஒரு வார்த்தை. பெண்ணொருத்தியின் படம் உங்கள் வட்ஸ்அப்பிற்கு வருகின்றது. ஐயோ, இன்னாரின் மகளல்லவா என்று இரங்கிக்கொண்டே மற்றொருவருக்கு அனுப்புகின்றீர்கள். மேற்சொன்ன 286அ பிரிவு உங்களுக்கும் உரியது. முதலில் அனுப்பியவன் ஒருவன். ஊர் முழுவதும் கொண்டு சென்றவர்கள் கோயில் மணியக்காரரும், சங்கச் செயலாளரும், நீங்களும் நாமுமே.

வருமுன் காப்பதைப் பற்றியுஞ் சிறிது சொல்லவேண்டும். அவுஸ்திரேலிய அரசு 2024 நவம்பரிற் சட்டமியற்றி, 2025 டிசெம்பர் 10ஆந் திகதி முதற் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. நம் நாட்டிலும் அவ்வாறு செய்க என்ற குரல் எழுவது இயல்பே. தடை ஓரளவு பயன் தரலாம். ஆனால் களவாக நுழையும் பிள்ளை ஆபத்து நேரும்பொழுது இரட்டைப் பயத்துக்கு ஆளாகும். பன்றிக்கு அஞ்சித் தோட்டத்தைச் செய்யாது விடுவாருமுண்டோ? வேலியடைப்போம், இரவிற் காவலிருப்போம்.

அந்த வேலி பெரிய வித்தையன்று. இரவு ஒன்பது மணிக்குப் பின்னர் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், தந்தையின் போன் உட்பட, விறாந்தையிலுள்ள ஒரே இடத்திலே மின்னேற்றத்துக்கு வைக்கப்படட்டும். தந்தை தம் போனோடு படுக்கைக்குச் சென்றுகொண்டு மகனுடையதை மட்டும் வாங்கினால் அது நில்லாது. அறியாதவர் குழுக்களிற் சேர்க்காதவாறும், முகப்படத்தைக் காணாதவாறும், அறியாத எண்ணின் அழைப்பு ஒலிக்காதவாறும் வட்ஸ்அப்பிலேயே ஒழுங்கு செய்யலாம். செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை, நண்பனே கேட்டாலும், சொல்லலாகாது. நண்பனின் கணக்கு ஏற்கெனவே களவாடப்பட்டிருக்கும். ஒருமுறை பார்த்ததும் மறைந்துவிடும் படமென்று ஒன்று உண்டு. அதனை வேறொரு போனாற் படம்பிடிக்கலாம் என்பதைப் பிள்ளை அறிந்திருக்கட்டும். இவையெல்லாம் எனக்குத் தெரியாதே, நான் தோட்டக்காரன் என்று சொல்ல வேண்டாம். மகனையே கேளுங்கள். இதை எனக்குக் காட்டித் தா தம்பி என்று தகப்பன் கேட்கும்பொழுது, பிள்ளை தானே அந்த ஒழுங்குகளை முதன்முறையாகக் கண்டறிவதும் உண்டு. நீர் இறைக்கும் மோட்டாரைத் திருத்தக் கற்றுக்கொண்ட கைக்கு இது கடினமன்று.

இவ்வாண்டுப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலே சுவருக்கு வெள்ளையடிப்பது பற்றியும் விளையாட்டுப் போட்டியின் பந்தல் பற்றியும் பேசப்படும். அந்நிகழ்ச்சி நிரலில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கும்படி ஒவ்வொரு பெற்றோரும் கடிதமெழுதிக் கேட்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இப்பாடம் தமிழிலே, நாணமின்றிச் சொல்லிக்கொடுக்கப்படல் வேண்டும் என்றுங் கேட்கலாம். 1929 என்ற எண்ணைக் கரும்பலகையின் ஓரத்திலே நிலையாக எழுதிவைப்பதற்குச் சங்கத்தின் தீர்மானங்கூட வேண்டியதில்லை. ஒரு துண்டு வெண்கட்டி போதும்.